குடித்தார்களா, சாப்பிட்டார்களா

கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் எடைமேடைக்காரருக்கும் அவர் மனைவிக்கும் பெரிய சண்டை என்று வந்தது ஒரே ஒரு விஷயத்துக்குத்தான். அது சூப்.

அவருக்கு நகரத்துக்கு வெளியே, சரக்கு லாரிகள் உள்ளே வரும் சாலையில் வேலை. லாரி வந்து மேடைமேல் ஏறி நிற்கும். கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து எடை எண்ணைப் பார்த்துச் சீட்டு அடித்துக் கொடுப்பார். லோடோடு ஒரு தடவை, காலியாக ஒரு தடவை. காலை ஆறு மணிக்குப் போனால் பிற்பகல் இரண்டுக்கு வீடு திரும்பிவிடலாம். உலகத்தில் இருக்கிற எல்லாவற்றையும் லோடு, காலி என்று இரண்டாகப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் அங்கேதான் அவருக்கு ஒட்டிக்கொண்டது. சூப் போன வயிறு அவர் கணக்கில் காலி வண்டி.

மனைவி கட்டடங்களுக்கு வரைபடம் போடும் அலுவலகத்தில் இருந்தாள். எல்லாம் கம்ப்யூட்டருக்குப் போய் எத்தனையோ வருஷமான பிறகும் கைப்பையில் ஓர் எஃகு ஸ்கேலை வைத்துக்கொண்டிருந்ததால் அங்கே எல்லோருக்கும் அவள் ஸ்கேல் மேடம். அந்தப் பெயர் எப்படியோ வீடு வரை வந்து, கோபம் இல்லாத நேரங்களில் கணவரும் அப்படித்தான் கூப்பிட்டார்.

அவள் வீடு வந்து சேர ஆறரை ஆகும். அதனால் வாரத்தில் இரண்டு மூன்று நாள் சூப். அதைச் சூப் என்று சொல்வதே ஒரு அடக்கம்தான். பார்லி, பீன்ஸ், காரட், உருளைக்கிழங்கு, எலும்போடு கோழி எல்லாம் ஒரே பாத்திரத்தில் வெந்து, கரண்டியை நடுவில் குத்தி வைத்தால் சாயாமல் நிற்கும். கூட வெண்ணெய் தடவிச் சுட்ட ரொட்டி. ஒரு கிண்ணம் முடித்தால் ஏப்பம் வரும். எடைமேடைக்காரருக்கும் வரும். ஆனாலும் ஏப்பம் விட்ட வாயைத் துடைத்துக்கொண்டு, “சரி, சாப்பாடு எப்போ?” என்பார்.

“இதுதான் சாப்பாடு.”

“சூப் சாப்பிட்டேன்னு யாராவது சொல்றாங்களா? குடிச்சேன்னுதானே சொல்றாங்க. குடிக்கிறது எப்படிச் சாப்பாடாகும்?”

“மாத்திரையக்கூடச் சாப்பிடறேன்னுதான் சொல்றீங்க. வர்றவங்ககிட்ட காபி சாப்பிடறீங்களான்னு கேக்கறீங்க. அப்போ காபியும் மாத்திரையும் விருந்தா?”

அவர் இன்னொரு கிண்ணம் ஊற்றிக்கொள்வார். இது சண்டை இல்லை. வாரத்துக்கு இரண்டு தடவை நடக்கும் பேச்சு. சண்டை வந்தது, அக்காவும் மாமாவும் வந்த அன்றைக்கு.

அக்கா என்றால் எடைமேடைக்காரரின் சொந்த அக்கா. ஆறு வயது மூத்தவள். தம்பி வீட்டுக்கு வரும்போதெல்லாம், “நாங்க என்ன விருந்தாளியா? வீட்டு ஆளுங்கதானே” என்று சொல்லிக்கொண்டேதான் செருப்பைக் கழற்றுவாள். அவள் கணவரான மாமா, ஒரு பெரிய விருந்து மண்டபத்தில் முப்பது வருஷமாக மேனேஜர். ஆயிரம் பேர் பந்தியை மூன்று முறை மாற்றி உட்காரவைத்து, ஒருவரையும் பசியோடு அனுப்பாதவர் என்று பெயர். எந்த வீட்டில் எந்த விருந்து என்றாலும், முடிந்ததும் எல்லோரும் ஒரு தடவை மாமா முகத்தைப் பார்ப்பார்கள். அவர் தலையசைத்தால் விருந்து தேறியது என்று அர்த்தம்.

அந்த வாரம் ஸ்கேல் மேடத்தின் அலுவலகத்தில் ஓர் ஆஸ்பத்திரிக் கட்டடத்தின் படத்தைக் கொடுக்கவேண்டியிருந்தது. சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து முடித்துவிட்டு வந்து படுத்தவளிடம், ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கணவர் சொன்னார்:

“அக்காவும் மாமாவும் மத்தியானம் சாப்பிட வர்றாங்க. நேத்தே சொல்லணும்னு நெனச்சேன்.”

அவள் எழுந்து அடுப்படிக்குப் போனாள். இருப்பதிலேயே பெரிய பாத்திரத்தை எடுத்தாள். கோழி இரண்டு மடங்கு, பீன்ஸ் இரண்டு மடங்கு. தான் செய்வதிலேயே நல்லது எதுவோ அதைத்தான் செய்தாள். அதைச் சொல்லியாகவேண்டும்.

மாமா ஒரு கிண்ணத்தை ரசித்துக் காலி செய்தார்.

“பிரமாதம்மா. பசியைக் கிளப்பி விட்டுடுச்சு.”

“இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமாண்ணா?”

“வேணாம், வேணாம். வயித்துல இடம் வேணுமில்ல?”

வாழ்நாளெல்லாம் மண்டபத்தில் இருந்தவருக்கு ஒன்று தெரியும். பந்திக்கு முன்னால் சூப் வருகிறதென்றால் உள்ளே இன்னும் ஏதோ வேகவில்லை. அதனால் அவர் பொறுமையாக இருந்தார். ஸ்கேல் மேடம் கிண்ணங்களை எடுத்துக்கொண்டு போனாள். மாமா தண்ணீர் டம்ளரை இடதுபக்கம் தள்ளி வைத்து முன்னால் இடம் பண்ணினார். அவள் துணியோடு வந்து மேசையைத் துடைத்தாள். அக்கா கணவரைப் பார்த்து, இதோ வருகிறது என்பதுபோல் லேசாக நிமிர்ந்து உட்கார்ந்தாள். எடைமேடைக்காரருக்கு மட்டும் அடுத்து என்ன வரப்போகிறது என்று தெரியும். அவர் குனிந்து, சரியாகவே இருந்த கைக்கடிகாரத்தின் வாரைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

அடுத்து டீ வந்தது.

மாமா டீயைக் குடித்தார். “நல்ல டீ” என்றார். இரண்டு மணிக்கெல்லாம் கிளம்பிவிட்டார்கள்.

பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஒரு சாப்பாட்டுக் கடை. பத்து நிமிஷத்தில் அங்கே ஆளுக்கு ஒரு தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். அதோடு போயிருந்தால் இந்தக் கதையே இல்லை. அந்தப் பக்கமாகத் தையல் கடைக்கு வந்த சித்தி அவர்களைப் பார்த்துவிட்டாள். குடும்பத்தில் அவளுக்குச் செய்திச் சித்தி என்று பேர்.

“என்ன, இந்த நேரத்துல இங்க? தம்பி வீட்டுக்கில்ல போறதா சொன்னே?”

“அங்கேருந்துதான் வர்றோம். குடிச்சிட்டு வர்றோம்” என்றாள் அக்கா கசப்போடு. அப்புறம் சூப் கதையையும் சொன்னாள்.

இந்த வாக்கியம் சித்தியின் வாயிலிருந்து போன் போனாகப் பயணம் செய்தது. சாயங்காலத்துக்குள், தம்பி வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே குடிக்க உட்கார்ந்துவிட்டார்களாம் என்று ஒரு கிளையும், வந்தவர்களை வெறும் சூப்பைக் கொடுத்து விரட்டிவிட்டாளாம் என்று இன்னொரு கிளையும் முளைத்திருந்தன. இரண்டில் முதலாவது பரவாயில்லை என்று எடைமேடைக்காரருக்குத் தோன்றியது.

“என் மானமே போச்சு” என்றார் மனைவியிடம்.

“உங்க மானம் ஒரு கிண்ணத்துலயா இருந்துச்சு?”

“மண்டபத்துல ஆயிரம் பேருக்குப் பந்தி போடற மனுஷன், கடையில போய்ச் சாப்பிட்டிருக்காரு.”

“ஒன்பது மணிக்குச் சொன்னீங்க. பன்னெண்டரைக்கு மேசைமேல வெச்சேன். அவரு மண்டபத்துல எத்தனை பேரு சமைக்கிறாங்க? கேட்டுட்டு வந்து சொல்லுங்க.”

இரண்டு நாள் பேச்சுவார்த்தை கிடையாது. மூன்றாம் நாள் சமாதானம் வந்தது, ஓர் ஒப்பந்தத்தோடு. வீட்டு ஆட்களுக்குச் சூப் முழுச் சாப்பாடுதான். அதை இனி எடைமேடைக்காரர் கேள்வி கேட்கக்கூடாது. வெளியிலிருந்து வருகிற விருந்தாளிகளுக்கு அது சாப்பாடு ஆகாது. அவர்களுக்கு வேறு சமைக்கவேண்டும், அன்றைக்கு அவர் கூடநின்று காய் நறுக்கவேண்டும். கட்டடத்துக்கு அளவெடுப்பதுபோல் அவள் இதையெல்லாம் திருத்தமாகப் பேசி முடித்தாள். வீட்டு ஆள் யார், விருந்தாளி யார் என்ற ஒன்றை மட்டும் இருவரும் பேச மறந்துவிட்டார்கள்.

இரண்டு மாதம் கழித்து, எடைமேடைக்காரர் நேரில் போய்க் கூப்பிட்டு, அக்காவும் மாமாவும் மறுபடி வந்தார்கள். இந்தத் தடவை மேசைமேல் ஏழு பாத்திரம். இறைச்சி ஒன்று, மீன் ஒன்று, காய் மூன்று, சோறு, கடைசியில் பழத்தை வேகவைத்துச் செய்த இனிப்பு. வெங்காயம் உரித்தே எடைமேடைக்காரரின் கண் சிவந்திருந்தது. மாமா வாசலிலேயே வாசனை பிடித்து, கைகழுவப் போகும்போதே சட்டையின் கையை மடித்துவிட்டார்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. எடைமேடைக்காரர் வாயைத் திறக்கும்வரை.

“அக்கா, அன்னைக்கு நடந்ததுக்கு மனசுல ஒண்ணும் வெச்சுக்காத. நாங்க பேசி முடிவு பண்ணிட்டோம். சூப்பெல்லாம் இனிமே வீட்டு ஆளுங்களுக்கு மட்டும்தான். உங்களுக்குக் கிடையவே கிடையாது.”

அக்காவின் கை சோற்றின்மேல் நின்றது.

“அப்போ நாங்க யாரு?”

“இல்லக்கா, நான் என்ன சொல்றேன்னா—”

“நாங்க மூணாம் மனுஷங்களா? கூடப் பொறந்தவ நான். ஊருக்கெல்லாம் போடற மாதிரி எனக்கு ஏழு வகை சமைச்சுப் போட்டு வாசலோட அனுப்பப் பாக்கறியா?”

“அண்ணி, அவரு சொன்னது அப்படியில்ல” என்றாள் ஸ்கேல் மேடம்.

“எனக்கு எல்லாம் புரியுதும்மா. வீட்ல சூப் இருக்கா இல்லையா, அத மட்டும் சொல்லு.”

ஃப்ரிட்ஜில் வெள்ளிக்கிழமைச் சூப் இரண்டு கரண்டி இருந்தது. ஸ்கேல் மேடத்துக்குப் பொய் சொல்ல வராது.

“இருக்கு அண்ணி.”

“சூடு பண்ணு.”

அந்த இரண்டு கரண்டிச் சூப் தண்ணீர் விட்டு நீட்டப்பட்டு, நாலு சின்னக் கிண்ணத்தில் வந்தது. அக்கா கண்ணீரும் கம்பலையுமாக அதைக் குடித்தாள். ஏழு பாத்திரமும் ஆறிக்கொண்டிருந்தன. இதில் உண்மையாகவே அடிபட்டவர் மாமாதான். மீனின்மேல் வைத்த கண்ணை அவர் எடுக்கவேயில்லை. ஒரு துண்டை எடுப்பதற்கு மெல்லக் கையை நீட்டினார். அக்கா திரும்பிப் பார்த்தாள்.

“எனக்கும் சூப்பே போதும்” என்றார் மாமா, மண்டபத்தில் கூட்டம் சமாளிக்கிற அதே குரலில்.

அவர்கள் போன பிறகு அந்த ஏழு வகையையும் கணவனும் மனைவியுமாக நாலு நாள் சாப்பிட்டார்கள். நாலாவது நாள், “நாளைக்கு சூப் பண்ணேன்” என்று எடைமேடைக்காரரே கேட்டார். அவள் அவரைப் பார்த்த பார்வையில் அவர் பேப்பருக்குள் முகத்தை மறைத்துக்கொண்டார்.

அதற்கப்புறம் போக்குவரத்து நின்றுபோனது. மழைக்காலம் முடிந்து, மாமாவுக்குப் பல் பிரச்சினை வந்தது. விருந்துகளில் முப்பது வருஷம் இனிப்பு ருசி பார்த்ததன் பலன் என்று பல் டாக்டர் சொன்னார். மிச்சமிருந்த பதினோரு பல்லையும் எடுத்துவிட்டு, ஈறு ஆறும்வரை இரண்டு மாதம் பொறுத்துப் பல்செட் கட்டவேண்டும்.

அக்கா நன்றாகச் சமைப்பவள்தான். ஆனால் அவள் சமையல் எல்லாம் மெல்லுகிற சமையல். பல்லில்லாதவருக்கு என்ன கொடுப்பது என்று தெரியாமல், ரொட்டியைப் பாலில் ஊறவைத்து மூன்று வேளையும் கொடுத்தாள். சூப் வைத்துக் கொடுக்கச் சொல்லி டாக்டர் சொன்னதை அவள் காதில் வாங்கவில்லை. எந்த வாயால் அதைச் சாப்பாடு இல்லை என்று ஊரெல்லாம் சொன்னாளோ, அதே வாயால் எப்படி ஒத்துக்கொள்வது? பன்னிரண்டு நாளில் மாமாவின் சட்டை, கொடியில் காயப்போட்டதுபோல் அவர்மேல் தொங்கியது.

பதின்மூன்றாம் நாள் பிற்பகல் இரண்டேகாலுக்கு எடைமேடைக்காரர் வேலையிலிருந்து வந்து கதவைத் திறந்துகொண்டிருந்தபோது, படிக்கட்டில் மாமா உட்கார்ந்திருந்தார்.

“மாப்ள” என்றார், கையால் வாயை மறைத்துக்கொண்டு. “ஷூப் இருக்கா?”

“உள்ள வாங்க மாமா.”

“உங்க அக்காவுக்குத் தெரிய வேணாம். மண்டபத்துக்குப் போறேன்னு ஷொல்லிட்டு வந்திருக்கேன்.”

எடைமேடைக்காரர் ஃப்ரிட்ஜிலிருந்து பாத்திரத்தை எடுத்துச் சூடுபண்ணினார். கிழங்கையும் பீன்ஸையும் கரண்டியாலேயே மசித்தார். கோழியை விரலால் நார் நாராகப் பிய்த்துப் போட்டார். மாமா மூன்று கிண்ணம் காலி செய்தார். மூன்றாவது முடிந்ததும் நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடி, மெல்லத் தலையை அசைத்தார். எத்தனையோ பேர் காத்துக்கிடந்து வாங்கிய தலையசைப்பு அது. அதைப் பார்க்கவேண்டியவள் அப்போது அலுவலகத்தில் ஏதோ ஒரு மாடிப்படிக்கு அளவு சரிபார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாளும் மாமா வந்தார். அதற்கு மறுநாளும். பாத்திரம் சீக்கிரம் காலியாவதைப் பார்த்து ஸ்கேல் மேடம் கேட்டாள். எடைமேடைக்காரர் உண்மையைச் சொன்னார். குத்திக்காட்டப்போகிறாள் என்று தலையைக் குனிந்து நின்றார். அவள் வேறொன்று கேட்டாள்.

“பல்லே இல்லையா? ஒண்ணுகூடவா?”

“ஒண்ணுகூட இல்ல.”

“அப்போ பார்லி ஈறுல ஒட்டும். தனியா அரைச்சுத்தான் சேக்கணும்” என்று சொல்லிவிட்டு அலாரத்தை ஐந்து மணிக்கு மாற்றினாள்.

அதிலிருந்து தினமும் சூப். ஒருநாள் பூசணி, ஒருநாள் பருப்பு, ஒருநாள் மீனை வேகவைத்து முள் எடுத்து அரைத்தது. வேலைக்குக் கிளம்புமுன் வைத்துவிட்டுப் போவாள். இரண்டேகாலுக்கு எடைமேடைக்காரர் சூடுபண்ணுவார். மாமாவைத் தனியாக உட்காரவைத்துப் பார்த்துக்கொண்டிருப்பது மரியாதையில்லை என்று அவரும் ஒரு கிண்ணம் ஊற்றிக்கொள்வார். குடித்தால் ராத்திரி எட்டு மணிவரை பசிக்கவில்லை. இதை அவர் கவனித்தார். யாரிடமும் சொல்லவில்லை.

மாமாவுக்குத் தேறுகிறோமா என்று தெரிந்துகொள்ள ஆசை. ஒரு காலையில் நேராக எடைமேடைக்கே போய், லாரிகளுக்கு நடுவே மேடைமேல் ஏறி நின்றார். ஜன்னல் வழியாக, “அறுபது!” என்று கத்தினார் மச்சினர். மூன்று வாரம் கழித்து மறுபடி நின்றார். மறுபடியும் அறுபது.

“ஒண்ணும் ஏறலையே?”

“எங்க மேடை இருபது இருபதாத்தான் காட்டும் மாமா. லாரிக்குப் பண்ணினது.”

“அப்போ எம்பது வந்தா ஷொல்லு” என்று சொல்லிவிட்டு மாமா இறங்கிப் போனார். பின்னால் நின்ற லாரிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்.

எடைமேடைக்குத் தெரியாவிட்டாலும் மற்றவர்களுக்குத் தெரிந்தது. மாமாவின் கன்னம் நிரம்பியது. சட்டை உடம்போடு ஒட்டியது. அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. செய்திச் சித்திக்குப் போன் போட்டு, பாலும் ரொட்டியும் செய்த மகிமையை அரை மணி நேரம் விளக்கினாள். சித்தி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள்.

“பாலும் ரொட்டியும்தானா? எதுக்குக் கேக்கறேன்னா, தினம் ரெண்டு மணி பஸ்ல அவரு உன் தம்பி வீட்டுப் பக்கம் போறாரு. நானே நாலு தடவ பாத்துட்டேன்.”

மறுநாள் இரண்டரை மணிக்குத் தம்பி வீட்டின் கதவு தட்டப்பட்டது. தட்டின விதத்திலேயே யாரென்று தெரிந்துவிட்டது. அன்றைக்கு ஸ்கேல் மேடமும் அரைநாள் லீவில் வீட்டில் இருந்தாள். அவள்தான் கதவைத் திறந்தாள். மாமா கழுத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு, கரண்டி பாதி வழியில் நிற்க, அப்படியே உறைந்துபோயிருந்தார்.

“மண்டபம் இங்கதான் இருக்கா?” என்றாள் அக்கா.

அவள் மேசையருகே வந்து கிண்ணத்தை எட்டிப் பார்த்தாள்.

“நான் காலையிலேருந்து பால் காய்ச்சி, ரொட்டி ஊறவெச்சு உக்காந்திருக்கேன். இங்க வந்து தினம் சாப்பிட்டுட்டு, என்கிட்ட வந்து பசியில்லேன்னு சொல்றீங்களா?”

மாமா கரண்டியைக் கீழே வைத்தார். முப்பது வருஷம் எத்தனையோ கல்யாண வீட்டாரின் சண்டையைத் தீர்த்தவர் அல்லவா? துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

“நான் எங்க ஷாப்பிட்டேன்? குடிச்ஷேன்.”

“என்னது?”

“இது ஷாப்பாடு இல்லேன்னு நீதானே ஊரெல்லாம் ஷொன்னே. ஷாப்பாடு இல்லாததுக்கு எதுக்குக் கோபப்படறே?”

எடைமேடைக்காரர் சுவரிலிருந்த காலண்டரைப் படிக்க ஆரம்பித்தார். அக்கா அங்கேயே நின்றாள். அவள் முகத்தில் ஒரு பெரிய கணக்கு ஓடுவது தெரிந்தது. சூப் சாப்பாடு இல்லையென்றால், கணவர் ஒரு தப்பும் செய்யவில்லை. சாப்பாடுதான் என்றால், முதல் நாள் வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போய்த் தம்பி பெண்டாட்டியின் பேரைக் கெடுத்தது அவள்தான். எந்தப் பக்கம் போனாலும் சுவர்.

கடைசியில் அவள் இரண்டு பக்கமும் போகவில்லை. ஸ்கேல் மேடத்தின் பக்கம் திரும்பினாள்.

“தினமுமா செஞ்சே?”

“ஆமா அண்ணி.”

“வேலைக்குப் போறதுக்கு முன்னாலயா? எத்தன மணிக்கு எந்திரிப்பே?”

“அஞ்சு மணிக்கு.”

“எத்தன நாளா?”

“அஞ்சு வாரம் இருக்கும்.”

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கைப்பையை மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்தாள்.

“எனக்கும் ஒரு கிண்ணம் ஊத்து.”

அன்றைக்குப் பூசணிச் சூப். அக்கா முதல் கரண்டியை எச்சரிக்கையாக வாயில் வைத்தாள். அப்புறம் கிண்ணம் காலியாகும்வரை தலை நிமிரவில்லை. கேட்காமலே ஸ்கேல் மேடம் இரண்டாவது ஊற்றினாள். அதுவும் போனது. எடைமேடைக்காரரால் சும்மா இருக்க முடியவில்லை.

“அக்கா, இப்ப நீ குடிச்சியா, சாப்பிட்டியா?”

“வாய மூடுடா” என்றாள் அக்கா.

அடுத்த நாள் முதல் செய்திச் சித்தியின் போனில் வேறு செய்தி போனது. பல் போய்ச் சுருண்டு கிடந்த மனுஷனைத் தம்பி பெண்டாட்டி ஒற்றைக் கையால் தூக்கி நிறுத்திவிட்டாளாம். பாலும் ரொட்டியும் கொஞ்சம் உதவி செய்ததாம். அப்படி ஒரு சூப் இந்தக் குடும்பத்தில் யாருக்கும் வராதாம். அவள் அதை எல்லோருக்கும் கொடுப்பதில்லையாம், ரொம்ப நெருங்கின மனுஷங்களுக்கு மட்டும்தானாம்.

இந்தக் கடைசி வாக்கியம் யார் சேர்த்தது என்று தெரியவில்லை. அதுதான் வினையாய்ப் போயிற்று. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் யாராவது வந்தார்கள். பெரியப்பா மகன் வந்தான், மாமாவின் தங்கை வந்தாள். வந்தவர்கள் மேசையில் சோற்றைப் பார்த்தால் முகம் வாடினார்கள். சித்தியே ஒருநாள் வந்து, இறைச்சியும் மீனும் போட்ட தட்டை முன்னால் வைத்துக்கொண்டு, “எனக்கு மட்டும் ஏம்மா இந்த மாதிரி?” என்று கேட்டாள்.

மாமாவுக்குப் பல்செட் வந்தது. அப்போதும் வாரம் இருமுறை இரண்டேகாலுக்கு வந்துகொண்டுதான் இருந்தார். எடைமேடைக்காரர், சூப்பில் என்ன காய் எப்போது சேர்க்கவேண்டும் என்று மனைவிக்கே சொல்லிக்கொடுக்கும் நிலைக்கு வந்திருந்தார். அந்தக் குடும்பத்தில் சூப் வேண்டாதவள் ஒருத்திதான் மிச்சம். ஏறக்குறைய எழுபது நாள் விடிகாலையில் அந்த ஆவியில் நின்றவளுக்கு, வாசனை மூக்கில் ஏறினாலே எழுந்து வெளியே போகத் தோன்றியது. அலுவலகத்தில் மத்தியானம், வறுத்த கடலையையும் காய்ந்த ரொட்டியையும் கடக்முடக்கென்று மென்றாள். பக்கத்து மேசைக்காரர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

ஒரு வியாழக்கிழமை அக்கா போன் பண்ணினாள்.

“இந்த ஞாயித்துக்கிழமை நாங்க வர்றோம்மா. நீ ஒண்ணும் சிரமப்படாத. சூப் மட்டும் போதும்.”

ஸ்கேல் மேடம் போனை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

“அண்ணி, இந்தத் தடவ நாங்க அங்க வர்றோமே.”

பதினோரு வருஷத்தில் தம்பி குடும்பம் அக்கா வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. போவார்கள், டீ குடிப்பார்கள், வருவார்கள். மாமா எப்போதும் மண்டபத்தில் இருந்ததால் அங்கே விருந்து என்ற பேச்சே எழுந்ததில்லை. அது யாருக்கும் இதுவரை உறைத்ததும் இல்லை.

“வாங்க” என்றாள் அக்கா கடைசியில். “என்ன செய்யட்டும்?”

“பல்லுக்கு வேலை குடுக்கற மாதிரி எதாச்சும்.”

போனார்கள். சோறு, மொறுமொறுவென்று வறுத்த மீன், தோலோடு சுட்ட கிழங்கு. அவ்வளவுதான். பந்தி மேனேஜரின் பெண்டாட்டி பயந்துபோயிருந்தாள். உட்காராமல் மேசைக்கும் அடுப்புக்கும் நடுவே நின்றுகொண்டு, ஸ்கேல் மேடத்தின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாமா புதுப் பல்லால் ஒரு கிழங்கோடு போராடிக்கொண்டிருந்தார். அவர் முகத்தை அன்று யாரும் பார்க்கவில்லை.

ஸ்கேல் மேடம் மீனைப் பிய்த்தாள், முள்ளை ஒதுக்கினாள், மென்றாள். தலையை மென்றாள், வாலை மென்றாள். தட்டு காலியானது.

“போதுமாம்மா?” என்றாள் அக்கா. “நான் ஏதோ... எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான்.”

“இன்னொரு துண்டு போடுங்க அண்ணி.”

எடைமேடைக்காரர் மேசைக்கடியில் அவள் காலை மிதித்தார். அவள் காலை நகர்த்திக்கொண்டாள். அக்கா ஓடிப்போய், மீன் வறுத்த சட்டியையே கையோடு கொண்டுவந்து மேசைமேல் வைத்துவிட்டு, முதல் தடவையாகப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். சட்டியில் இரண்டு துண்டு இருந்தது. ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டார்கள். கருகின ஓரத்தைச் சுரண்டித் தின்றார்கள். அலுவலகத்தைப் பற்றி அக்கா ஏதோ கேட்டாள். ஸ்கேல் மேடம் வாயில் மீனோடு பதில் சொன்னாள். ஆண்கள் இருவரும் தங்கள் பாட்டுக்கு எழுந்துபோய்க் கைகழுவிவிட்டு வந்து, வேறு வழியில்லாமல் தட்டுகளையும் கழுவினார்கள்.

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டமில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்தவள் இரண்டாவது நிறுத்தத்துக்குள் தூங்கிவிட்டாள். பள்ளத்தில் பஸ் இறங்கி ஏறும்போதெல்லாம் அவள் தலை ஜன்னல் கம்பியில் இடித்தது. எடைமேடைக்காரர் கையை நீட்டி நடுவில் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் கை மரத்துப்போனது. இறங்கவேண்டிய நிறுத்தம் வந்தது. அவள் வாயைத் திறந்து தூங்குவதைப் பார்த்தார். கண்டக்டர் அவரைப் பார்த்தார்.

“கடைசி ஸ்டாப்பில இறங்கிக்கறோம்” என்றார் எடைமேடைக்காரர், சத்தம் வராமல்.